வெயில் ஏறும் முன் கடக்க வேண்டிய வளைவு

1.

வருகிற வெள்ளிக்கிழமை சென்னியப்பன் சார் வீட்டில் பூஜையும் சாப்பாடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பனிச்சரிவில் சிக்காமல் உயிர் தப்பியதற்கு ஆண்டு விழா. காலையிலேயே அவர் சம்சாரம் சரஸ்வதி அக்கா போன் பண்ணிவிட்டார்.

"அம்மிணி, மறந்துறாதீங்க. வடைக்கு உளுந்து நீங்கதான் அரைச்சுக் கொண்டாரோணும். அன்னிக்குத் தப்பிச்சவங்க எல்லாரும் இருக்கோணும்னு சார் ஆசப்படறாருங்க."

தப்பித்தது யார், தப்ப வைத்தது எது என்பதில் சாரிடம் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் வேறொரு கதை இருக்கிறது. அவர் கதைக்கு வடை பாயசம் உண்டு என்பதால் துபாயில் உள்ள தமிழர்கள் பாதிப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள். என் கதையை நம்ப ஆளில்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்குத் துபாய் என்றால் மணல், பெட்ரோல், டேப் ரிக்கார்டர். அங்கே ஏது பனிச்சரிவு, இவளுக்கு வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பீர்கள். குழம்பியது என் மூளை இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

2.

என் வீட்டுக்காரர் ஒரு கட்டட கான்ட்ராக்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். சென்னியப்பன் சார் அதற்குத் தலைமை. கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும், லீவுக்கு அவர் கையெழுத்து, இன்க்ரிமென்டுக்கும் அவரே. இத்தனை கையெழுத்தும் ஒரே ஆளிடம் இருந்தால் யாராக இருந்தாலும் நல்ல மனிதர்தான்.

சாருக்கு ராகுகாலம் உயிர். அலுவலகத்து இழுப்பறையில் ஊர்ப் பஞ்சாங்கம். எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் அந்த நேரத்தில் வந்து கூப்பிட்டால்கூட "ஒரு ஃபைல் தேடிக்கிட்டிருக்கேன்" என்று ராகு முடியும்வரை தள்ளிவிட்டுத்தான் எழுந்து போவார். ஏரோப்ளேன் ராகுகாலத்தில் கிளம்பினால் மட்டும் வேறு வழி. முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைத் தூக்கி வந்து எங்கள் வீட்டில் வைத்துவிடுவார். பரஸ்தானம். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய கணக்கு. அந்தப் பையைத் தாண்டித் தாண்டி நான் வீடு பெருக்கியிருக்கிறேன்.

அந்த வருஷம் பக்ரீத் லீவும் குழந்தைகளின் பள்ளி லீவும் சேர்ந்து வந்தன. கம்பெனிக்குத் தெஹ்ரானிலும் வேலை நடந்தது. "பனி பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றார் சார். குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தோம்; அவர் ஆசைப்பட்டால் அது எங்களுக்கும் ஆசை. கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் சொந்த பாஸ்போர்ட்டை நாங்களே கேட்டு வாங்குவதற்கு ஒரு கடிதம், கஃபீலுக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு கடிதம். ஆபீஸ் அரபிக்காரன் தினமும் "புக்ரா, புக்ரா" என்று நாளைக்கு வரச் சொன்னான். ஒருவழியாக எல்லாம் கிடைத்தது.

கிளம்பியது சார், சரஸ்வதி அக்கா, நாங்கள் இருவர், எங்கள் மகள் உமா. கூடவே தேராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாகுல் காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் பாளையங்கோட்டை என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் தங்கச்சி.

3.

தெஹ்ரானுக்கு வடக்கே மலை. அதைத் தாண்டினால் காஸ்பியன் கடல். பாதி மலையில் ஓர் அர்மீனியப் பெண்மணி நடத்தும் விடுதியில் தங்கினோம். போன நாளிலிருந்து மூன்று நாள் பனி கொட்டியது. உமா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "ஸோ மச் ஸ்னோ, அம்மா, ஸோ மச்!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் தமிழ் போய்விடும். அழுகை வந்தாலும் போய்விடும். பசிக்கு மட்டும்தான் தமிழ்.

ஞாயிற்றுக்கிழமை பளீரென்று வெயில் அடித்தது. மொத்தக் கூட்டத்துக்கும் உயிர் வந்தது. சார் குரங்குக் குல்லாயைக் கழற்றினார். சரஸ்வதி அக்கா வெளியே நாற்காலி போட்டுத் தலையை உலர்த்தினார். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. விடுதிக்கார அம்மாள் மட்டும் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

சாயங்காலம் எங்களை உட்காரவைத்து இங்கிலீஷில் சொன்னார். நாளை நீங்கள் இறங்கும் பாதையில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள சரிவு கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக அதில்தான் விழும். பழைய பனி கல்லாக இறுகிக் கிடக்கிறது, அதன் மேல் மூன்று நாள் புதுப் பனி. வெயில் ஏறினால் தண்ணீர் உள்ளே இறங்கி மேல்பனி பிடிப்பு விட்டுவிடும். குளிர் இருக்கும்வரை பயமில்லை, கதகதப்புதான் ஆபத்து. விடியற்காலையிலேயே தாண்டிவிடுங்கள், அப்புறம் போலீஸ் ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட்டு வழியை அடைத்துவிடும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சூடேறின தோசைக்கல்லில் வெண்ணெய்க் கட்டியை வைத்தால் அது எப்படி நழுவுமோ அப்படி. இதைப் புரிந்துகொள்ள பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. பி.காம். படித்த சாருக்குத்தான் புரியவில்லை.

"வெயிலைப் பத்தி எனக்கே சொல்றாங்க பாருங்க" என்று சிரித்தார் சார். "துபாய் வெயில்லயே கிடந்தவனுக்கு. வெயில் வந்தாத்தானுங்க சேஃப்டி. குளிர்ல ரோடு வழுக்கும். வெயில் வந்தா எல்லாம் சரியாயிரும்."

இதே மனிதர்தான் வருஷா வருஷம் கோடை வந்ததும், வெயிலுக்கு முன் சைட் வேலையை முடிக்க வேண்டும் என்று எழுதி வரும் சர்க்குலரில் முதல் கையெழுத்துப் போடுபவர். பாலைவனத்தில் வெயிலுக்குப் பயப்படத் தெரியும். பனிமலையில் அதே வெயில் சிநேகிதன் ஆகிவிட்டது.

ஆனாலும் விடுதிக்கார அம்மாள் விடவில்லை. ஏழு மணிக்குக் கிளம்புவது என்று முடிவானது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத்தான் ஆரம்பம் என்பதால் சாரும் தலையை ஆட்டினார்.

4.

ஏழு மணிக்கு, தெஹ்ரான் ஆபீஸ் கொடுத்த இரண்டு கார்களும் டிரைவர்களோடு வாசலில் நின்றன. காக்கா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சார் குளியலறையில் இருந்தார். உள்ளே வெந்நீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஷேவிங். பிறகு விபூதி. பிறகு ஒரு சாக்ஸ் காணவில்லை. அவர் வெளியே வந்து வாட்சைப் பார்த்தபோது ஏழரை தாண்டிவிட்டது.

"அடடா, ராகு வந்துருச்சேங்க" என்றார், ராகு என்னவோ சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளி மாதிரி. "ஒம்போது மணிக்குக் கெளம்பிக்கலாமுங்க. பத்தரைக்குத்தான் எமகண்டம். நல்லா டைம் இருக்குது."

"சார், துபாய் கடிகாரத்துக்கும் இந்த ஊர்க் கடிகாரத்துக்கும் அரை மணி வித்தியாசம். ராகுவும் பார்டர்ல வாட்சைத் திருப்பி வச்சுக்குவாரா?" என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

சார் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் எங்களைப் போன்றவர்களிடம் கோபப்படமாட்டார்கள், பொறுமையாக விளக்குவார்கள். "அந்தந்த ஊர்ச் சூரியனை வெச்சுத்தானுங்க கணக்கு."

"அந்தச் சூரியன் ஏறுறதுக்கு முன்னாடிதான் சார் போகணும்னு அந்தம்மா சொல்லுது. பரஸ்தானம் வச்சதா நெனச்சுக்கிடுங்க. உங்க பை ஏழு மணிக்கே கார்ல ஏறியாச்சுல்லா?"

"அது ஏரோப்ளேனுக்குங்க, அம்மிணி. அது நமக்காக நிக்காது. காரு நம்முளுது. நாம சொன்னா நிக்கும்."

"பனி நிக்குமா சார்?"

சரஸ்வதி அக்கா பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமாவுக்கு ரவை வறுக்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரரைத் தனியே இழுத்துப் போனேன். "நீங்க வாங்க. நாம மூணு பேரும் காக்கா கார்ல போயிருவோம்."

"சாரைத் தனியா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"எங்களைத் தனியா விட்டா நல்லா இருக்குமோ?"

"காக்கா இருக்காருல்லா. நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாலயே வாரோம்."

"அந்த வளைவுல வெயில் விழுந்துரும். சொன்னாக் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"கத்தாத. சார் பாக்காரு" என்றார்.

அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டி பயமாக இருக்கிறது என்கிறாள், இவருக்குச் சார் பார்க்கிறார் என்ற கவலை. உமாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"எங்களுக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது தங்கச்சி" என்றார் காக்கா. "விடியக்காலை சுபுஹு தொழுதாச்சு, கிளம்ப வேண்டியதுதான்."

அந்த வளைவு வந்தது. மேலே வெள்ளைச் சுவர் மாதிரி மலை. உச்சியில் மட்டும் வெயில் தொட்டு மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் நீல நிழல். கீழே ரோடு இறுகிக் கிடந்தது. டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டினார். நாங்கள் தாண்டிவிட்டோம். ராகுகாலத்தில், சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல்.

5.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு டீக்கடை. அங்கே காத்திருப்பதாகப் பேச்சு. வெயில் சுகமாக இருந்தது. உமா ஸ்வெட்டரைக் கழற்றினாள். எனக்கு அந்தச் சுகமே பற்றிக்கொண்டு வந்தது.

மணி பத்தைத் தாண்டியிருக்கும். சைட்டில் டிப்பர் லாரி ஜல்லி கொட்டுமே, அந்தச் சத்தம் மேலேயிருந்து வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது. டீக்கடை அதிர்ந்தது. மலைக்கு நடுவில் வெள்ளைப் புகை எழும்பியது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"எந்த இடம்?" என்று டிரைவரிடம் காக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாரசீகத்தில் கேட்டார். டிரைவர் கையை வளைத்துக் காட்டினார். அதே வளைவு.

அதன் பிறகு சாயங்காலம்வரை நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். சாரைத் திட்டினேன். உப்புமாவைத் திட்டினேன். காணாமல் போன சாக்ஸைத் திட்டினேன். இந்த மனுஷருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று முதலில் சொன்னது யார், எந்தக் குவார்ட்டர்ஸில் இனி யாரோடு குடியிருப்பது என்று கத்தினேன். காக்கா பக்கத்திலேயே நின்றார். அவர்கள் கார் போலீஸ் சங்கிலியைத் தாண்டி வளைவுக்குள் வந்துவிட்டதா, அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே போகப் போலீஸ் விடவில்லை, இன்னொரு சரிவு வரும் என்றார்கள்.

உமா என் முகவாயைத் திருப்பி, "இஸ் அப்பா இன்சைட் த ஸ்னோ?" என்று கேட்டாள். தமிழில் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

வெயில் இறங்கி மறுபடி குளிர் இறுகிய பிறகு, போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை வரிசையாக நடத்திக் கூட்டி வந்தார்கள். ஆறேழு பேருக்குப் பின்னால் சாரின் குல்லாய் தெரிந்தது. அப்புறம் சரஸ்வதி அக்கா. அப்புறம், ஒரு கையில் சாரின் ஃபிளாஸ்க்கும் மறுகையில் சாரின் பையுமாக, என் வீட்டுக்காரர்.

ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சாருக்கு மூட்டு வலி. சூடா ஒரு டீ சொல்லு."

சொன்னேன். என் தலையெழுத்து, டீயும் சொன்னேன்.

6.

நடந்தது என்ன என்பதை அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், துபாய் திரும்பும் ஏரோப்ளேனில், குரலைத் தாழ்த்தி. சார் இரண்டு வரிசை முன்னால் இருந்தார்.

ராகு ஒன்பது மணிக்கு முடிந்தாலும் உப்புமா முடியவில்லை. பிறகு பனியில் நின்று போட்டோ. வளைவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது சங்கிலி போட்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சார் இறங்கிப் போய் இங்கிலீஷில் சத்தம் போட்டார். எமகண்டத்துக்கு முன்னால் தாண்டியாக வேண்டும் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. பர்ஸைத் திறந்து நோட்டை நீட்டினார். போலீஸ்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். சார் சங்கிலியைத் தானே அவிழ்க்கக் குனிந்தார். போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் மலை இறங்கியது.

சங்கிலி போடுவதற்கு முன்பே உள்ளே போன ஒரு லாரி, பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் சங்கிலி கழன்று வளைவில் நின்றிருந்தது. காஸ்பியன் பக்கத்து ஆரஞ்சுப் பழ லோடு. புகை அடங்கியபோது பனி மேலே பழங்கள் மட்டும் தெரிந்தனவாம். லாரி தெரியவில்லை. டிரைவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

அடுத்த வாரமே சாரின் கதை துபாயில் சுற்ற ஆரம்பித்தது. அவர் ராகுகாலம் பார்த்துத் தாமதமாகக் கிளம்பியதால்தான் உயிர் தப்பினார்களாம். சீக்கிரம் கிளம்பியிருந்தால் சரியாக அந்த வளைவில் இருந்திருப்பார்களாம். சீக்கிரம் கிளம்பிய நான் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேனே, அது? "அம்மிணி ஏதோ பூர்வ புண்ணியமுங்க." போலீஸ்காரர்? கதையிலேயே இல்லை. லாரிக்காரர்? முதல் வருஷ விருந்தில் நான் கேட்டேன். சார் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"பாவம். அவங்களுக்கெல்லாம் பஞ்சாங்கம் இல்லீங்களே" என்றார்.

இப்படியும் ஒரு மனிதர். அவருக்கு நான் வடைக்கு அரைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னங்க, நீங்களும் இருந்தீங்களே" என்பார். இவர் "ஆமா சார்" என்பார். அந்த "ஆமா சார்" எனக்குத் தொண்டையில் முள். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. மூன்று அறை, ஏர்கண்டிஷன், பால்கனி. அதில் ஒரு நாளாவது என் வீட்டுக்காரர் என்னிடம், உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று சொல்வாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

7.

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போனோம். இது திரும்பி வந்து எழுதுவது.

கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். ஜெபல் அலியில் துறைமுக வேலைக்கு வந்திருக்கும் புது இன்ஜினீயர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாருக்குப் புதுக் காதுகள் கிடைத்த சந்தோஷம். கதை இந்த வருஷம் இன்னும் வளர்ந்திருந்தது. மலையே "இவர் வரட்டும்" என்று காத்திருந்து விழுந்ததுபோல இருந்தது.

"என்னங்க, நீங்களும் இருந்தீங்களே. சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரர் தோளில் தட்டினார்.

இவர் பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார்" வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போலீஸ்காரர் சங்கிலியைத் தெறக்கலை சார்" என்றார். "அதான் தப்பிச்சோம். நாம தெறக்கச் சொல்லிச் சண்டை போட்டோம். அவர் தெறந்திருந்தா நாமளும் அந்த லாரிக்காரர்கூடத்தான் கெடந்திருப்போம்."

சரஸ்வதி அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது. எனக்குக் காது சூடானது. ஐயோ, சொல்லிவிட்டாரே, சொல்லிவிட்டாரே என்று மனசு அடித்துக்கொண்டது.

சார் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்து, புது இன்ஜினீயர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கரெக்டுங்க. ஆனா அந்தப் போலீஸ்காரனை அந்த நேரத்துக்கு அங்க கொண்டாந்து நிறுத்துனது யாருங்க?"

"ஆஹா!" என்றார் ஒரு இன்ஜினீயர். "அதானே!" என்றார் இன்னொருவர். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து வெளியே வந்த உண்மையைச் சார் வடையோடு சேர்த்து விழுங்கி ஏப்பம் விட்டார். இனி அடுத்த வருஷம் போலீஸ்காரரும் கதையில் வருவார், ராகுவின் ஆளாக.

சொல்லிக்கொண்டு கிளம்பினோம். இருட்டத் தொடங்கியிருந்தது. உமா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். கடிகார கோபுர ரவுண்டபௌட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். வழி தப்புகிறவர் இல்லை.

"சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

"யாரும் கேக்கலையே."

"கேக்க மாட்டாங்க. பாயசம் நல்லா இருந்துது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுபடியும் கோபுரத்தைச் சுற்றினார்.

"அன்னைக்கு நான் உங்க ரெண்டு பேர்கூட அந்தக் கார்ல வந்திருக்கணும்" என்றார். "நீ பயமா இருக்குன்னு சொன்ன. நான் வந்திருக்கணும்."

மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த திட்டு அவ்வளவும் நெஞ்சில் இருந்தது. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப வாரீங்கள்லா," என்றேன். "ஓட்டுங்க, வீட்டுக்குப் போவோம்."